சிவில் 3டி தவழ்கிறதா? வேகத்தை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாலை, நில வடிவமைப்புக்கான ஆட்டோடெஸ்க் மென்பொருளான சிவில் 3டியில், ஒரு சாலை அலைன்மென்ட்டில் (மையக்கோட்டில்) ஒரு வளைவைப் பிடித்து அரை மீட்டர் தள்ளி வைக்கிறீர்கள். கர்சர் வட்டமாகச் சுழலத் தொடங்குகிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் சுழன்றுகொண்டேதான் இருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு, "கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்பது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். நினைவகத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் அதே டிராயிங் அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அன்றுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

நடப்பது இதுதான். அலைன்மென்ட் நகர்ந்ததும் அதை ஒட்டி எடுக்கப்பட்ட தரைமட்ட ப்ரொஃபைல் (நீளவாக்கு வெட்டு) புதிதாகக் கணக்கிடப்படுகிறது. ப்ரொஃபைல் மாறியதும் காரிடார், அதாவது சாலையின் முப்பரிமாண மாதிரி, மாற வேண்டும். காரிடார் மாறினால் அதிலிருந்து பிறந்த சர்ஃபேஸ் (மேற்பரப்பு மாதிரி) மாற வேண்டும். அந்த சர்ஃபேஸை நம்பி நிற்கும் குறுக்குவெட்டுகள், கனஅளவு அட்டவணைகள், லேபிள்கள், குழாய் வலைப்பின்னலின் மேன்ஹோல் மூடி மட்டங்கள் எல்லாம் வரிசையாக மாற வேண்டும். ஒரு சங்கிலியின் முதல் கண்ணியை நீங்கள் அசைத்தீர்கள். கடைசிக் கண்ணி வரை அசைந்து முடிந்தால்தான் திரை உங்கள் கைக்குத் திரும்பும். மென்பொருளின் பலமே இந்தச் சங்கிலிதான். அது தேவையில்லாத இடத்திலும் உயிரோடு இருப்பதுதான் மந்தத்துக்குக் காரணம். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: சங்கிலியை எங்கே நிறுத்தி வைப்பது என்று முடிவெடுப்பது.

எதையும் தொடுவதற்கு முன் டிராயிங்கை நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். இனி வரும் வேலைகளில் சில திரும்பப் பெற முடியாதவை.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

"மெதுவாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எது மெதுவாக இருக்கிறது? ஒரு தாளை எடுத்து ஐந்து செயல்களை எழுதுங்கள்: டிராயிங் திறக்கும் நேரம், சேமிக்கும் நேரம், திரையை நகர்த்தும்போதும் பெரிதாக்கும்போதும் ஏற்படும் திணறல், மாடலிலிருந்து லேஅவுட்டுக்கு (அச்சுத் தாளுக்கு) போகும் நேரம், காரிடாரை ரீபில்ட் (மறுகணக்கீடு) செய்யும் நேரம். கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொன்றுக்கும் நோய் வேறு, மருந்து வேறு. திறப்பதும் சேமிப்பதும் மட்டும் மந்தமென்றால் நெட்வொர்க்கையோ கோப்பின் குப்பையையோ சந்தேகிக்கலாம். திரை திணறினால் காட்சி அமைப்புகள் அல்லது கிராபிக்ஸ் டிரைவர். ரீபில்ட் மட்டும் இழுத்தால் உங்கள் வடிவமைப்பின் கட்டமைப்பு.

அடுத்து, மந்தமான செயல் ஓடும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிராசஸர் பயன்பாடு 6 அல்லது 7 சதவீதம்தான் காட்டும், "பிராசஸர் சும்மாதானே இருக்கிறது, ஏன் இழுக்கிறது?" என்று தோன்றும். உங்கள் பிராசஸரில் 16 த்ரெட்கள் இருந்தால், அதில் ஒன்றே ஒன்று மூச்சு முட்ட உழைக்கும்போது மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதமாகத்தான் தெரியும். சிவில் 3டியின் பெரும்பாலான கணக்குகள் ஒரே த்ரெட்டில் ஓடுபவை. ஆகவே 6 சதவீதம் என்றால் அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் கணக்கைத்தான் குறைக்க வேண்டும்.

நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டி, கூடவே டிஸ்க் பயன்பாடும் உச்சத்தில் நின்றால், நினைவகம் போதாமல் விண்டோஸ் தரவை டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே கூடுதல் நினைவகம் உண்மையிலேயே உதவும்.

இன்னொரு சோதனை. டிராயிங்கையும் அதோடு இணைந்த எல்லாக் கோப்புகளையும் இ-டிரான்ஸ்மிட் மூலம் ஒரே தொகுப்பாக்கி உங்கள் கணினியின் சொந்த டிஸ்கில் வைத்துத் திறந்து பாருங்கள். சர்வரிலிருந்து திறக்க மூன்று நிமிடம் ஆனது, இங்கே இருபது விநாடியில் திறக்கிறதென்றால் டிராயிங் மேல் பழி போடாதீர்கள்.

படி 2: குப்பையை அகற்றுங்கள்

பிறரிடமிருந்து வரும் டிராயிங்குகள்தான் குப்பையின் ஊற்று. கட்டடக்கலைஞர், மின்பொறியாளர், சர்வேயர் என்று ஒவ்வொருவரின் கோப்பும் தன் வரலாறு முழுவதையும் சுமந்துகொண்டு வரும். அதை உங்கள் கோப்பில் அப்படியே காப்பி-பேஸ்ட் செய்த நொடியில் அந்த வரலாறு உங்களுடையதாகிவிடுகிறது.

வரிசை முக்கியம். முதலில் "ஆடிட்" கட்டளை. பிழைகளைச் சரிசெய்யவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பிறகு "பர்ஜ்", பயன்படாத பிளாக், லேயர், லைன்டைப் எல்லாம் போகும். ஆனால் சாதாரண பர்ஜ் பெட்டி தொடாத ஒன்று உண்டு: ரெஜ்ஆப்ஸ். பிற மென்பொருள்களும் துணைநிரல்களும் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்கள் இவை. கண்ணுக்குத் தெரியாது, ஆயிரக்கணக்கில் சேரும், திறக்கும் நேரத்தைத் தின்னும். கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு "-பர்ஜ்" என்று அழைத்தால் கட்டளை வரியில் வரும் தேர்வுகளில் ரெஜ்ஆப்ஸ் இருக்கும். எல்லாவற்றையும் குறிக்க நட்சத்திரக் குறி, ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேண்டாம் என்று பதில். அதே பட்டியலில் "ஆர்ஃபன்ட் டேட்டா" என்ற தேர்வையும் ஓட்டுங்கள். மைக்ரோஸ்டேஷனின் டிஜிஎன் வடிவிலிருந்து வந்த கோடுகளின் பாணித் தகவல்கள் கோப்புக்குள்ளேயே அனாதையாகத் தங்கிவிடும். உள்ளே நாலு கோடுதான் இருக்கிறது, அளவோ பல பத்து எம்பி என்று கைபிசைய வைக்கும் கோப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்தது ஸ்கேல் பட்டியல். எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைக்கும் டிராயிங்) மேல் எக்ஸ்ரெஃப் சேரச் சேர, அனோட்டேஷன் ஸ்கேல்கள் (எழுத்து, குறிப்புகளின் அளவு விகிதங்கள்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிப் பெருகும். "-ஸ்கேல்லிஸ்ட்எடிட்" கட்டளையில் ரீசெட் கொடுத்தால் பயன்படாதவை நீங்கிப் பட்டியல் பழைய நிலைக்கு வரும். நினைவகம் கூட்டியும் பயன் தராத, மேலே நான் சொன்ன அந்த டிராயிங்கின் நோய் இந்த ஸ்கேல் பட்டியலும் ரெஜ்ஆப்ஸும்தான். அவை போன மறுநிமிடம் அது சாதாரணக் கோப்பாகிவிட்டது.

சிவில் 3டிக்கே உரிய பர்ஜ் ஒன்று தனியாக உண்டு: பயன்படாத ஸ்டைல்களையும் அமைப்புகளையும் அகற்றும் "பர்ஜ்ஸ்டைல்ஸ்அண்ட்செட்டிங்ஸ்". பல டெம்ப்ளேட்டுகளின் ஸ்டைல்கள் கலந்த கோப்பில் இது நல்ல பலன் தரும். அலுவலக டெம்ப்ளேட்டில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். நாளைக்குத் தேவைப்படும் ஸ்டைல் இன்று பயன்படாததாகத் தெரியும், போய்விடும்.

கடைசியாக "ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்" கொடுத்துப் பாருங்கள். உங்கள் திட்டப் பகுதி ஒரு புள்ளியாகச் சுருங்கினால், எங்கோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு எழுத்தோ பிளாக்கோ கிடக்கிறது. தேடி அழியுங்கள். டபிள்யூபிளாக் மூலம் முழு டிராயிங்கையும் வெளியே எழுதிச் சுத்தம் செய்யும் பழைய ஆட்டோகேட் வித்தையை சிவில் 3டி பொருட்கள் உள்ள கோப்பில் நான் பரிந்துரைப்பதில்லை. டேட்டா ஷார்ட்கட் (டிராயிங்குகளுக்கு இடையே பொருட்களைப் பகிரும் வசதி) இணைப்புகள் அறுந்துபோகும் அபாயம் உண்டு.

படி 3: சர்ஃபேஸ்

நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். திட்டத்தின் எடையில் பெரும்பங்கு தரைமட்ட சர்ஃபேஸில் உட்கார்ந்திருக்கும். மற்ற எல்லாப் பொருளும் அதைக் கேட்டுத்தான் தன் உயரத்தைத் தெரிந்துகொள்ளும்.

ஒரு கணக்கு போடுவோம். சதுர மீட்டருக்கு 4 புள்ளிகள் என்ற அடர்த்தியில் லைடார் (லேசர்) அளவீடு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 லட்சம் புள்ளிகள். டின், அதாவது முக்கோணங்களால் பின்னப்பட்ட சர்ஃபேஸில், அவற்றின் எண்ணிக்கை புள்ளிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது 80 லட்சம் முக்கோணங்கள். உங்கள் சாலை அதில் 60 மீட்டர் அகலப் பட்டையில்தான் போகிறது. மீதியெல்லாம் யாருக்காக?

எனவே முதல் வேலை வெட்டுவது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தெரியாமல் பலரும் இழக்கிறார்கள். அவுட்டர் பவுண்டரி சேர்த்தால் எல்லைக்கு வெளியே உள்ள முக்கோணங்கள் மறையும், அவ்வளவுதான். புள்ளிகள் உள்ளேயே இருக்கும், எடையும் குறையாது. டேட்டா கிளிப் பவுண்டரி அப்படியல்ல, எல்லைக்கு வெளியே உள்ள தரவை உள்ளே விடவே விடாது. ஆனால் தனக்குப் பிறகு சேர்க்கப்படும் தரவின் மேல் மட்டுமே அது செல்லும். ஆகவே வெற்று சர்ஃபேஸ் உருவாக்கி, முதலில் டேட்டா கிளிப் எல்லை, பிறகு புள்ளிகள். இந்த வரிசை தலைகீழானால் பயனில்லை.

புள்ளிகளை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதும் எடையைத் தீர்மானிக்கிறது. லட்சக்கணக்கான புள்ளிகளை கோகோ புள்ளிகளாக டிராயிங்கில் இறக்காதீர்கள். ஒவ்வொரு கோகோ புள்ளிக்கும் ஸ்டைல், லேபிள், விவரக்குறிப்பு என்று தனி வாழ்க்கை உண்டு. சர்ஃபேஸின் டெஃபினிஷனில் பாயின்ட் ஃபைல் என்ற வழியில் எழுத்துக் கோப்பை நேரடியாக இணைத்தால் அந்தச் சுமை இல்லை. சர்வேயர் எடுத்த சில நூறு முக்கியப் புள்ளிகள் கோகோவாக இருக்கட்டும். அவற்றுக்கு லேபிள் தேவை.

மூன்றாவது, எளிமையாக்குவது. "சிம்ப்ளிஃபை சர்ஃபேஸ்" என்ற வசதியில், உயரம் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம் என்ற வரம்பைக் கொடுக்கலாம். எத்தனை சதவீதப் புள்ளிகளை எடுக்க வேண்டும் என்று சொல்லும் வழியும் உண்டு. ஆனால் பொறியாளருக்கு அர்த்தமுள்ளது உயர வரம்புதான். அளவீட்டின் துல்லியமே 10 செ.மீ. என்றால், 3 செ.மீ. மாற்றத்துக்கு அனுமதி தருவதால் நீங்கள் இழப்பது ஏதுமில்லை. சமதளத்தில் கிடக்கும் புள்ளிகள்தான் போகும். மேடு பள்ளம் நிற்கும்.

நம்பிக்கையில் விடாமல் சரிபாருங்கள். மூல சர்ஃபேஸுக்கும் எளிமையான சர்ஃபேஸுக்கும் இடையே ஒரு டின் வால்யூம் சர்ஃபேஸ் உருவாக்குங்கள். வெட்டு, நிரப்பு அளவுகள் திட்டத்தின் மொத்த மண்வேலையோடு ஒப்பிட அற்பமாகவும், அதிகபட்ச உயர வேறுபாடு நீங்கள் கொடுத்த வரம்புக்கு அருகிலும் இருக்க வேண்டும். வேறுபாடு எங்காவது கூர்மையாக எகிறினால் அங்கே ஒரு வாய்க்கால் கரையோ தடுப்புச்சுவரோ தேய்ந்திருக்கிறது. அங்கே பிரேக்லைன் (தரையின் விளிம்பைக் காக்கும் கோடு) சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எளிமையாக்கல் என்பது டெஃபினிஷனில் ஒரு எடிட்டாகத்தான் பதிவாகிறது. அடுத்த ரீபில்டில் மென்பொருள் மறுபடி 40 லட்சம் புள்ளியிலிருந்து தொடங்கி, மறுபடி எளிமையாக்கும். இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, ஸ்னாப்ஷாட் எடுப்பது. ரீபில்ட் அந்தப் புள்ளியிலிருந்து தொடங்கும், அதற்கு முந்தைய வேலைகளைத் தாண்டிவிடும். மற்றொன்று, லேண்ட்எக்ஸ்எம்எல் (தரவுப் பரிமாற்றக் கோப்பு வடிவம்) ஆக ஏற்றுமதி செய்து புதிய டிராயிங்கில் இறக்குவது. அங்கே எளிமையான சர்ஃபேஸ் மட்டும் இருக்கும், மூலக் கோப்பு ஆவணமாகத் தனியே பத்திரமாக இருக்கும். தரைமட்டம் இனி மாறாது என்று உறுதியானதும் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன்.

காட்சி விஷயத்தில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். தினசரி வேலைக்கு எல்லைக்கோடு மட்டும் காட்டும் ஸ்டைல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம உயரக் கோடுகள் தேவைப்படும்போது மட்டும் அந்த ஸ்டைலுக்கு மாறுங்கள். 0.25 மீட்டர் இடைவெளியில் காட்டும்போது 1 மீட்டர் இடைவெளியைப் போல நான்கு மடங்கு கோடுகளைத் திரை வரைய வேண்டியிருக்கிறது. ஸ்மூத்திங் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். "லெவல் ஆஃப் டீடெய்ல்" காட்சியை இயக்கினால் தள்ளி நின்று பார்க்கும்போது குறைந்த விவரமும், நெருங்கும்போது முழு விவரமும் தெரியும்.

படி 4: காரிடாரின் இடைவெளி

10 கி.மீ. சாலை. 5 மீட்டருக்கு ஒரு அசெம்பிளி (சாலைக் குறுக்குவெட்டின் வடிவம்) என்று வைத்தால் 2,000 இடங்களில் கணக்கு. அசெம்பிளியில் 12 சப்அசெம்பிளிகள் (அதன் உறுப்புகள்) இருந்தால் 24,000 முறை. 20 மீட்டருக்கு மாற்றினால் 6,000. ஒவ்வொரு ரீபில்டுக்கும் இந்த வித்தியாசம்.

"ஆனால் துல்லியம்?" என்ற கேள்வி நியாயமானது, அதற்குப் பதிலும் கணக்கில்தான் இருக்கிறது. நேர்ப்பகுதியில் சீரான சரிவில் 5 மீட்டரும் 20 மீட்டரும் ஒரே விளிம்பைத்தான் தரும். வளைவில் மட்டும், வில்லுக்குப் பதில் நாண் வரைகிறோம். நடுவில் விலகல் ஏற்படும். விலகல் = இடைவெளியின் வர்க்கம் ÷ (8 × ஆரம்). 300 மீட்டர் ஆர வளைவில் 20 மீட்டர் இடைவெளிக்கு விலகல் சுமார் 17 செ.மீ.; அது அதிகம். 10 மீட்டருக்கு 4 செ.மீ., 5 மீட்டருக்கு 1 செ.மீ. அதே நேரம் 1,000 மீட்டர் ஆரத்தில் 20 மீட்டர் இடைவெளிக்கே 5 செ.மீ.தான். ஆகவே நேர்ப்பகுதியில் 20 அல்லது 25, வளைவில் ஆரத்துக்கு ஏற்ப. ஃப்ரீக்வென்சி பெட்டியில் வளைவுக்கு "பை கர்வேச்சர்" என்று தேர்ந்தெடுத்து, அனுமதிக்கும் நடுவிலகலை மட்டும் கொடுத்தால் இந்தக் கணக்கை மென்பொருளே போட்டுக்கொள்ளும். தொடக்கத் திட்டமிடலின்போது எல்லாவற்றையும் 50 மீட்டரில் வைத்து ஓட்டுங்கள். இறுதி அளவீட்டுக்கு முன் இறுக்கிக்கொள்ளலாம்.

ரீபில்ட்-ஆட்டோமேட்டிக்கை அணைத்து வையுங்கள். காரிடாருக்கும் அதன் சர்ஃபேஸுக்கும் இரண்டுக்குமே. பத்து மாற்றங்களைச் செய்துவிட்டு ஒருமுறை ரீபில்ட். ஒரே ஆபத்து, பழைய நிலையிலேயே படத்தை அச்சிட்டுவிடுவது. ப்ராஸ்பெக்டரில் (பொருட்களின் பட்டியல் பலகத்தில்) மஞ்சள் குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடும் பழக்கம் வேண்டும்.

நீண்ட காரிடாரைச் சந்திப்புகளை எல்லையாக வைத்துத் துண்டு துண்டான தனித்தனிக் காரிடார்களாகப் பிரிப்பதும் நல்லது. கடைசி 300 மீட்டரில் ஒரு மாற்றத்துக்காக 10 கிலோமீட்டரும் உருண்டு எழ வேண்டியதில்லை.

குறுக்குவெட்டுகள் அமைதியாக நேரம் தின்பவை. சாம்பிள் லைன் குரூப்பின் (குறுக்குவெட்டு எடுக்கும் கோடுகளின் தொகுதி) பண்புகளில், தரைமட்டத்துக்கான செக்ஷன்களின் புதுப்பிப்பு முறையை டைனமிக்கிலிருந்து ஸ்டாட்டிக்காக மாற்றலாம். தரை மாறாதபோது அது ஏன் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்பட வேண்டும்? ப்ரொஃபைலுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஆனால் அலைன்மென்ட் இறுதியாகும் வரை அங்கே டைனமிக்கையே விட்டுவிடுங்கள்.

படி 5: ஃபீச்சர் லைன், கிரேடிங், சைட்

ஒரே சைட்டுக்குள் (பொருட்களைச் சேர்த்து வைக்கும் தொகுதிக்குள்) இருக்கும் ஃபீச்சர் லைன்களும் (உயரம் கொண்ட கோடுகள்) பார்சல்களும் (நிலத் துண்டுகள்) ஒன்றையொன்று கவனித்துக்கொண்டிருக்கும். ஒன்று மற்றொன்றை வெட்டும் இடத்தில் உயரம் பகிரப்படும். நூற்றுக்கணக்கான கோடுகள் ஒரே சைட்டில் குவிந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த உறவுகள் முழுதும் சரிபார்க்கப்படும். எந்தக் கோடுகள் உண்மையிலேயே உயரத்தைப் பகிர வேண்டுமோ அவற்றை மட்டும் ஒரே சைட்டில் வையுங்கள். மற்றவற்றைத் தனி சைட்டுகளுக்கு மாற்றுங்கள்.

கிரேடிங் (தரைச் சரிவை அமைக்கும்) பொருளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சின்ன குளத்துக்கும் ஒற்றை மேடைக்கும் அழகாக வேலை செய்கிறது. பல கிரேடிங்குகள் மூலையில் மோதி, இன்ஃபில் (இடைப்பட்ட பரப்பை நிரப்பும் பொருள்) நிறைந்த ஒரு குழுவாகும்போது மந்தமும் நிலைகுலைவும் சேர்ந்தே வருகின்றன. அங்கே ஸ்டெப்டு ஆஃப்செட் (உயர வேறுபாட்டோடு இணைகோடு போடும் வசதி) மூலம் ஃபீச்சர் லைன்களை உருவாக்கி, அவற்றை பிரேக்லைனாக சர்ஃபேஸில் சேர்ப்பதே நிம்மதி. கைவேலை சற்றுக் கூடும். ஆனால் மறுநாள் காலை கோப்பு திறக்கும்.

படி 6: கோப்பைப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே டிராயிங்கில் வைப்பது தொடக்கத்தில் வசதி, மூன்றாம் மாதத்தில் சுமை. டேட்டா ஷார்ட்கட் இதற்காகவே இருக்கிறது. தரைமட்ட சர்ஃபேஸுக்கு ஒரு டிராயிங். அலைன்மென்ட்டுக்கும் ப்ரொஃபைலுக்கும் ஒன்று. காரிடாருக்கு ஒன்று. குழாய்களுக்கு ஒன்று. அச்சுத் தாள்களுக்குத் தனியாக, ஒரு டிராயிங்குக்குப் பத்து, பதினைந்து தாளுக்கு மிகாமல்.

காரிடார் டிராயிங் தரைமட்டத்தையும் அலைன்மென்ட்டையும் ரெஃபரன்ஸாகப் பெறுகிறது. மூலம் மாறினால் மாற்றம் வந்திருப்பதாக அறிவிப்பு வரும். நீங்கள் சின்க்ரொனைஸ் செய்யும்போதுதான் உள்ளே வரும். ஆக, சங்கிலி அறுபடவில்லை. எப்போது அசைய வேண்டும் என்ற முடிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஒரு குழுவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடிகிறது.

இரண்டு விதிகளை மீறாதீர்கள். ரெஃபரன்ஸ் ஒரே திசையில் ஓட வேண்டும். அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து மறுபடி அ என்று வட்டமடிக்கக் கூடாது. குழுவில் எல்லோரும் வொர்க்கிங் ஃபோல்டரை ஒரே பாதையில் அமைக்க வேண்டும். ஒருவர் டிரைவ் எழுத்தாகவும் இன்னொருவர் சர்வர் பெயராகவும் வைத்தால் இணைப்புகள் உடையத் தொடங்கும். அவசரத்துக்கு "ப்ரமோட்" செய்து ரெஃபரன்ஸைச் சொந்தப் பொருளாக்கிக்கொள்வது வேண்டாம். அந்த நொடியிலிருந்து மூலத்தோடு தொடர்பு இல்லை, ஆனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

எக்ஸ்ரெஃப்களை அட்டாச் முறையில் சேர்க்காமல் ஓவர்லே முறையில் சேருங்கள். அட்டாச் செய்தவை அடுத்தடுத்த கோப்புகளுக்குள்ளும் நுழைந்து, ஒரே கட்டடப் படம் மூன்று வழியாக மூன்று முறை ஏறி நிற்கும்.

படி 7: திரை

இங்கே சின்னச் சின்ன அணைப்புகள் சேர்ந்து பெரிய நிம்மதி தரும். கர்சர் மேலே போனதும் எழும் விவரப்பெட்டி, அதாவது "ரோல்ஓவர்டிப்ஸ்". தேர்வு முன்னோட்டமான "செலக்ஷன்ப்ரிவ்யூ". ஹேட்ச் முன்னோட்டமான "எச்பிக்விக்ப்ரிவ்யூ". மூன்றையும் 0 ஆக்குங்கள். ப்ராஸ்பெக்டரின் மேலே உள்ள ஐட்டம் ப்ரிவ்யூ பொத்தானை அணையுங்கள். பின்னணியில் ஆன்லைன் வரைபடம் ஓடினால் "ஜியோமேப்" கட்டளையில் அணைத்துவிடுங்கள்.

வான்வழிப் படங்களைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். 10 செ.மீ. பிக்சலில் ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் 10 கோடி பிக்சல். மூன்று வண்ணத்துக்கு 300 எம்பி, சுருக்கப்படாத நிலையில். 25 செ.மீ. பிக்சலாக மாற்றினால் 48 எம்பி. ஏ1 தாளில் 1:1000க்கு அச்சிடும்போது 25 செ.மீ. என்பது கால் மில்லிமீட்டர். பின்னணிக்கு அது போதும்.

லேஅவுட் மாறும்போது இழுக்கிறதென்றால் "லேஅவுட்ரீஜென்சிடிஎல்" என்ற மாறியைப் பாருங்கள். 2 என்றால் ஒருமுறை திறந்த எல்லா லேஅவுட்களையும் நினைவகத்தில் வைத்திருக்கும். நினைவகம் தாராளமாக இருந்தால் அது நல்லது. நினைவகம் குறைவு, தாள்கள் அதிகம் என்றால் 0 அல்லது 1 கொடுத்துப் பாருங்கள். "கிராபிக்ஸ்கான்ஃபிக்" பெட்டியில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை ஒருமுறை அணைத்து ஓட்டுங்கள். அணைத்ததும் திணறல் போனால் டிரைவரில்தான் கோளாறு. ஆட்டோடெஸ்க் சான்றளித்த டிரைவர் பதிப்பை நிறுவி மறுபடி இயக்குங்கள். அணைத்தபடியே விட்டுவிடுவது தீர்வாகாது.

படி 8: நெட்வொர்க்கும் சேமிப்பும்

விபிஎன் வழியாக 20 எம்பிபிஎஸ் இணைப்பில் வேலை செய்கிறீர்கள் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. 200 எம்பி டிராயிங் வந்து சேரவே 80 நொடி, எக்ஸ்ரெஃப்கள் தனி. இங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. சர்வருக்கு அருகிலேயே உள்ள கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வேலை செய்வது, அல்லது கோப்புகளை உங்கள் கணினியில் பிரதி வைத்துப் பூட்டும் வசதியுடன் ஒத்திசைக்கும் முறைக்கு மாறுவது, இவ்விரண்டில் ஒன்று.

சாதாரண இலவசக் கிளவுட் ஒத்திசைவு ஃபோல்டருக்குள் டேட்டா ஷார்ட்கட் திட்டத்தை வைக்காதீர்கள். கோப்புப் பூட்டு இல்லாத இடத்தில் இருவர் சேமித்தால் ஒருவரின் வேலை போகும்.

தானியங்கிச் சேமிப்பை எரிச்சலில் அணைத்துவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். அது இழுக்கிறதென்றால் கோப்பு பெரிது என்று அது உங்களிடம் சொல்கிறது. தற்காலிகக் கோப்புகள் போகும் ஃபோல்டர் உங்கள் சொந்த எஸ்எஸ்டியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "ஐசேவ்பெர்சன்ட்" 50 என்ற இயல்பு மதிப்பிலேயே இருக்கட்டும். 0 ஆக்கினால் ஒவ்வொரு சேமிப்பும் முழுச் சேமிப்பாகிவிடும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் டிராயிங்கைத் திறக்கும்போதெல்லாம் துருவுகிறது என்று சந்தேகம் வந்தால், நீங்களாக அணைக்காமல், திட்ட ஃபோல்டருக்கு விலக்கு தர முடியுமா என்று கணினிப் பிரிவிடம் கேளுங்கள்.

கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள் பயன்படுத்துவோருக்கு

ஈடாப்ஸ், சாப்2000, ஸ்டாட் ப்ரோ போன்றவற்றில் கதை வேறு. அங்கே நேரம் தின்பது சமன்பாடுகளைத் தீர்ப்பது. ஷெல் மெஷ்ஷின் அளவைப் பாதியாக்கினால் கணுக்கள் நான்கு மடங்கு. ஒவ்வொரு கணுவுக்கும் ஆறு விடுதலைப் பாகைகள் (நகரவும் சுழலவும் கூடிய வழிகள்). பேண்ட் முறைத் தீர்ப்பியில் வேலை 16 மடங்கு வரை போகும். நவீன ஸ்பார்ஸ் தீர்ப்பிகள் இதைத் தணிக்கும், ஆனால் ஒழிக்காது. ஸ்லாபின் விறைப்பு அனுமதிக்கும் இடத்தில் ரிஜிட் டயாஃப்ரம் (தளத்தை விறைத்த ஒரே தட்டாகக் கருதும் அனுமானம்) கொடுங்கள். தளத்தின் கிடைமட்ட இயக்கம் மூன்றே விடுதலைப் பாகைகளில் அடங்கும். மெஷ்ஷை தூண் முகப்பு, திறப்பின் மூலை போன்ற இடங்களில் மட்டும் நெருக்குங்கள்.

அதிர்வுப் பகுப்பாய்வில் மோடுகளின் (அதிர்வு வடிவங்களின்) எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட ரிட்ஸ் வெக்டர் முறைக்கு மாறிப் பாருங்கள். யூரோகோட் 8, ஐஎஸ் 1893 முதலிய நிலநடுக்க வடிவமைப்பு விதிகள் கேட்கும் 90 சதவீத நிறைப் பங்கேற்பு பெரும்பாலும் குறைந்த மோடுகளிலேயே கிடைத்துவிடும். இந்த மென்பொருள்களின் முடிவுக் கோப்புகள் ஜிபி கணக்கில் பெருகும். மாடலை சர்வரில் வைத்து ஓட்டாமல் உங்கள் டிஸ்கில் ஓட்டி, முடிந்தபின் மாடல் கோப்பை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, இயந்திரம்

இத்தனையும் செய்த பிறகும் படி 1-இன் தாளில் ஏதாவது ஒரு நேரம் இறங்கவில்லையென்றால், அப்போது வாங்கலாம். சிவில் 3டிக்கு 32 கோர்கள் கொண்ட சர்வர் வகைப் பிராசஸர் வேண்டாம். ஒற்றைக் கோரின் வேகம் உயர்ந்த 8 கோர் பிராசஸர் அதை முந்தும். பகுப்பாய்வு மென்பொருளுக்குப் பல கோர்கள் கொஞ்சம் உதவும். நினைவகம் 32 ஜிபி, பெரிய லைடார் வேலைக்கு 64. ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டுகளாகப் போட்டால் இரட்டைச் சானலில் ஓடும். டிஸ்க் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை). கிராபிக்ஸ் அட்டையில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை, நடுத்தரமே போதும். மடிக்கணினியென்றால் விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளுக்குத் தனி அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா, சார்ஜரோடு இணைத்து முழுச் செயல்திறன் முறையில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். சூட்டில் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன், சுத்தம் செய்யாத உங்கள் பழைய நகலையும் சுத்தம் செய்த டிராயிங்கையும் ஒரு எஸ்எஸ்டியில் எடுத்துக்கொண்டு போய், அதே வகை இயந்திரம் வைத்திருக்கும் யாரிடமாவது அதே ஐந்து செயல்களை ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டிப் பாருங்கள். ரீபில்ட் நேரம் எவ்வளவு இறங்குகிறது என்பது அந்த விலைக்கு ஈடா என்று அங்கேயே தெரிந்துவிடும்.